அம்மா புகை போட்ட ரப்பர்

கூச்சப்படுகிறவர்களை நல்லவர்கள் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கேள்வி கேட்க வராது, அவ்வளவுதான். புரியாத இடத்தில் தலையாட்டிவிடுவோம். பிறகு எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமலே அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்வோம். சோம்பேறியால் வரும் நஷ்டத்தைவிட இந்த மாதிரி உழைப்பாளியால் வரும் நஷ்டம் அதிகம். இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நானும் அம்மாவும் மலேசியாவில் ஈப்போவிலிருந்து லகாட் போகும் சாலையோரம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா இறந்துவிட்டார். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்படி வந்து சேர்ந்த இடம். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை, முன்னால் கல் ஏற்றிப் போகும் லாரிகள். அம்மா விறகு அடுப்பில் முறுக்கு சுட்டு டவுன் கடைகளுக்குப் போட்டு வந்தார். நான் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதியிருந்தேன். வந்த முடிவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். (சாமி மட்டும் பார்த்தால் போதும் என்றுதான்.)

அம்மாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருந்த மாமாவின் மகன் ராசுவுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பது. ராசு மச்சான் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர், பஸ் எப்படித் தாமதமாக வந்தது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போகும் பஸ்ஸும் போய்விட்டது.

“அவரு ரொம்பப் பேசுறாரும்மா,” என்றேன்.

“ஒருத்தராவது பேசணும்லா வீட்டுல,” என்றார் அம்மா. “இல்ல, ஒனக்கு வேலன்னு ஒன்னு நெலையா கெடைச்சா சொல்லு, நான் ஒன்னும் கேக்க மாட்டேன். இல்லாட்டி தைப்பூசம் முடிஞ்ச கையோட கல்யாணம். மாமாகிட்ட சொல்லிட்டேன்.”

வேலை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்குப் பாகான் டத்தோ ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கென்று ஒரு சம்பளம், ஒரு நாற்காலி, அதில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் நான் உட்கார்ந்திருப்பது. இதைக் கற்பனை செய்துகொண்டேதான் மாவு பிசைவேன்.

அந்த நேரத்தில்தான் நமசிவாயம் சார் வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர், அரசாங்க அதிகாரி. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் முற்றத்தையும் மலையையும் லாரிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“உங்கடை முத்தத்திலை ஒரு கம்பம் நட்டால் பிரச்சினை இல்லையோ?”

“கம்பம்னா கரண்டு குடுப்பாங்களா சார்?”

“இல்லை. காத்தைச் சோதிக்கிறதுக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். (படிச்சவங்களுக்கு வேற வேல இல்லையாடி என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.)

“பாத்துக்கொள்ள ஒரு ஆளும் வேணும். நாட்கூலி குடுப்பம். பிள்ளை படிச்சிருக்கோ?”

“அஞ்சாம் படிவம் சார்,” என்றார் அம்மா. பொய் இல்லை. எழுதினேன்.

வேலை இதுதான். கைக்கு அடக்கமான மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பட்டையை இழுத்து வளைத்து ஆணி அடித்திருக்கும். பொழுது விடிந்ததும் ஒரு கட்டையைக் கம்பத்தில் இருந்த சின்னக் கூரைக்கு அடியில் தொங்கவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அதை எடுத்து, தகர டப்பாவில் போட்டு இறுக மூடி, மேலே நேரத்தை எழுதிவிட்டு, அடுத்த கட்டையைத் தொங்கவிட வேண்டும். பொழுது சாயும்வரை இப்படியே. வாரம் ஒரு முறை, பொழுது சாயும் நேரத்தில், சார் வந்து டப்பாக்களைப் பார்ப்பார்.

எதற்காக இதைச் செய்கிறோம் என்றும் முதல் நாளே விளக்கினார். நெடுநேரம் விளக்கினார். காற்று, மூடி, மேல், கீழ், கலப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பாதி யாழ்ப்பாணத் தமிழ், பாதி இங்கிலீஷ். நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயம்.

“விளங்கிச்சுதோ, பிள்ளை?”

“வெளங்கிச்சு சார்.”

எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். ரப்பர். தோட்டத்தில் பிறந்தவளுக்கு ரப்பரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது சார் இன்னொன்றும் சொன்னார். “எங்கடை ஆய்வுகூடத்திலை உதவியாளர் வேலை ஒண்டு வருது. நிரந்தரம். இது ஒழுங்கா நடந்தால் உம்மடை பேரைத்தான் எழுதுவன்.”

அன்றிலிருந்து என்னைவிடப் பொறுப்பான ஆள் பேராக் மாநிலத்திலேயே இல்லை.

உண்மையாகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. விடியும்போது வெளியே வந்தால் மலை தெரியாது. லாரிப் புகையும், எங்கள் அடுப்புப் புகையும், யாரோ எரித்த குப்பையின் புகையும் தரையோடு படுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு வாழை மரம்கூட மங்கலாகத்தான் தெரியும். வெயில் ஏற ஏற அந்தப் புகை சோம்பல் முறித்து எழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மலை முழுசாகத் தெரியும், காற்று அசையும், கொடியில் துணி ஆடும். புகை எங்கே போனது என்று நான் யோசித்ததில்லை. போனது என்பதே போதுமானதாக இருந்தது.

முதல் தடவை சார் டப்பாக்களைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விடியற்காலைக் கட்டைகளில் ரப்பர் வழவழவென்று இருந்தது. மத்தியானக் கட்டைகளில் மட்டும் குறுக்கே மெல்லிய வெடிப்புகள். பித்தவெடிப்பு மாதிரி, ஆனால் மயிரிழை மயிரிழையாக. சார் நாக்கைச் சப்புக்கொட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“மத்தியானத்தைப் பாரும், என்ன மாதிரிக் கடிச்சு வைச்சிருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடித்தது நானோ என்பதுபோல் எனக்குக் காது சுட்டது.

சார் போனதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “என்னாடி, தலைய ஆட்டிக்கிட்டே போறாரு?”

“மத்தியான ரப்பர் எல்லாம் வெடிச்சுப் போச்சும்மா.”

என் அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவர் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர். ரப்பரைப் புகையில் உலர்த்தும் கொட்டகையிலிருந்து வரும் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கறை, கொப்புளம், அழுக்கு இருக்கும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார். முதல் தரம், இரண்டாம் தரம் என்று அவர் வாய் சொன்னால் சொன்னதுதான். மனிதர்களையும் அப்படியேதான் பார்ப்பார்.

அன்று தொங்கிய மத்தியானக் கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் கறுத்துவிட்டது.

“இத மூணாம் நம்பர்லகூட சேக்க மாட்டாங்க. இதையாடி கவர்மெண்டுக்குக் குடுத்த?”

“அவங்க குடுத்த ரப்பர்தானேம்மா.”

“அவங்க ஒழுங்காத்தான் குடுத்தாங்க. நீதான் கெடுத்து வச்சிருக்க. கொதிக்கிற நேரத்துல ரப்பரக் கொண்டுபோய் வெளிய தொங்க வுட்டா வெடிக்காம சிரிக்குமா? தோட்டத்துல நாய்கூட அந்த நேரத்துல வெளிய படுக்காது.”

“கூரை போட்டிருக்காங்கல்ல.”

“கூரை கெடக்குது. வெக்கை போதும்.” கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலைல தொங்குனது நல்லாருக்குன்னா என்னா அர்த்தம்? காலைல பொகை இருக்கு. பொகையிலதான்டி ரப்பர் பொழைக்கும். மத்தியானக் கட்டைய எங்கிட்ட குடு.”

இப்படியாகக் காலை, மாலைக் கட்டைகள் கம்பத்தில் தொங்கின. மத்தியானக் கட்டைகள் எங்கள் அடுப்புக்கு மேலே, முறுக்குச் சட்டியின் புகையில், கருவாட்டுக்குப் பக்கத்தில் தொங்கின. நேரம் தவறாமல் எடுத்தேன். நேரம் தவறாமல் டப்பாவில் போட்டேன். வெடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்மா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, “நம்பர் ஒன்னு,” என்று சொன்ன பிறகுதான் மூடினேன்.

“சார்கிட்ட சொல்லணுமாம்மா?”

“கேட்டா சொல்லு. நல்லாப் பாத்துக்கிட்டோம்னு சொல்றதுக்கு என்னா வெக்கம்?”

அவர் கேட்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை. கேட்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லையே. இன்னொரு விஷயம், சாருக்கு மூக்கில் வாசம் ஏறாது. கல்லுடைக்கிற இடங்களில் வருஷக்கணக்காகத் தூசியைச் சுவாசித்ததில் மூக்கு போய்விட்டதாம். காற்றைச் சோதிக்கிறவருக்கு மூக்கு இல்லை, உதவியாளுக்கு வாய் இல்லை. அரசாங்க வேலை நடந்துகொண்டிருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் சார் மாறிக்கொண்டே வந்தார். முதலில் குழம்பினார். டப்பாவில் நேரம் மாறிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உண்மைதானே, நேரம் மாறவில்லை. பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதற்கடுத்த வாரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகத்தில் மாப்பிள்ளைக் களை.

“பிள்ளை, ஈப்போ டவுனிலை மத்தியானம் வெடிக்குது. இஞ்சை வெடிக்கேல்லை. ஏனெண்டு தெரியுமோ? இந்த மலை காத்தைக் கலக்க விடேல்லை. மூடி நாள் முழுக்க மூடியே கிடக்கு. ஒருத்தரும் காணாத ஒண்டு இது.”

நான் தலையாட்டினேன்.

“கோலாலம்பூரிலை இருந்து எங்கடை பெரிய அதிகாரி வாறா. அவவுக்கு இதைக் காட்டப் போறன். உம்மடை வேலை விஷயமும் அண்டைக்கே முடிஞ்சிடும்.”

அம்மா அன்று சாமி படத்துக்கு மல்லிகைச் சரம் வாங்கிப் போட்டார்.

அவர்கள் வரும் நாளும் வந்தது. பிற்பகல் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். நான் இருப்பதில் நல்ல பாவாடை தாவணி உடுத்தியிருந்தேன். அம்மா முறுக்குச் சட்டியை ஏற்றியிருந்தார். பெரிய அதிகாரி வருகிற நாள் என்பதால் மத்தியானக் கட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு, ஈர விறகு வைத்துப் புகையைக் கிளப்பிவிட்டிருந்தார்.

உச்சி வெயிலில் ஜீப் வந்து நின்றது. பிற்பகல் மழை வரும் போலிருந்ததால் முன்னாலேயே புறப்பட்டுவிட்டார்களாம். சாருடன் ஒரு மலாய்க்கார அம்மா இறங்கினார். தலையில் துணி, கையில் குடை. எல்லோரும் அவரைப் புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். சார் இங்கிலீஷில் பேசிக்கொண்டே, மலையைக் காட்டி, வானத்தைக் காட்டி, கடைசியில் பெருமையோடு கம்பத்தைக் காட்டினார்.

கம்பத்தில் ஒன்றும் இல்லை. கூரைக்கு அடியில் கொக்கி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“பிள்ளை,” என்றார் சார். “கட்டை எங்கை?”

கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் காட்டினேன். சார் அந்தத் திசையில் மலை எதையாவது செய்துவிட்டதோ என்று பார்த்தார்.

அப்போது அம்மா வெளியே வந்தார். கண்ணில் நீர், மூக்கில் கரி, ஒரு கையில் முறுக்குத் தட்டு, மறு கையில் கட்டை. யாரும் கேட்காமலே கட்டையை உயரத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார், தோட்டத்து மேனேஜரிடம் காட்டுவதுபோல.

“பாகுஸ், புவான். நம்பர் சத்து,” என்றார். நல்ல சரக்கு, முதல் தரம் என்று அவருக்குத் தெரிந்த மலாயில். பிறகு சாரிடம், “ஒரு வெடிப்பு இல்ல சார். தேடிப் பாருங்க. மத்தியானக் கட்டை அத்தனையும் நானே பொகையில போட்டுப் பாத்துக்கிட்டேன்,” என்றார்.

புவான் கட்டையை வாங்கி முகர்ந்தார். “பாவ் அசாப்,” என்றார் மெதுவாக. புகை வாசம். சாருக்கு இல்லாத மூக்கு அவருக்கு இருந்தது.

சார் அம்மாவைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். கூரை ஓட்டை வழியாக மேலே போகும் புகையைப் பார்த்தார். பிறகு எங்கள் மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அந்த வெள்ளைக் காற்சட்டையில் அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான், நாங்கள் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

கோபப்படவில்லை. அதுதான் பெரிய கொடுமை. அலுத்துப்போன குரலில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

“இரவிலை தரை குளிருது, அம்மா. குளிர்ந்த காத்து பாரம். கீழையே கிடக்கும், மேலை மூடி போட்ட மாதிரி. லாரிப் புகையும் அடுப்புப் புகையும் அந்த மூடிக்குள்ளை. ரப்பரைக் கடிக்கிற வாயு ஒண்டு இருக்கு, ஓசோன் எண்டு. புகை அதைத் தின்னும். அதாலை விடியிற நேரம் ரப்பர் தப்பும். வெயில் ஏறினால் தரை சூடாகி, காத்துக் கிளம்பி, மேலும் கீழும் கலக்கும். புகை கலைஞ்சு போகும். மேலை கிடந்த ஓசோன் கீழை வரும். வெயிலும் மிச்சப் புகையும் சேந்து இன்னும் கொஞ்சத்தை உண்டாக்கும். அதாலை மத்தியானம் ரப்பர் வெடிக்கும். வெடிக்க வேணும். எனக்குத் தேவையே அந்த வெடிப்புத்தான்.”

அம்மா புவான் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். “அப்ப வெடிச்சதுதான் நல்ல கட்டையா?”

“ஓம்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, சார்.”

“சொன்னனான்,” என்றார் சார். “முதல் நாளே சொன்னனான். பிள்ளை விளங்கிச்சுது எண்டவ.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பழக்கதோஷம், தலையாட்டினேன்.

புவான் மட்டும் சிரித்துவிட்டார். முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, சாரிடம் மலாயில் ஏதோ சொன்னார். காற்றில் நடப்பதைச் சரியாகத்தான் நடத்திக் காட்டியிருக்கிறார்கள், ஈப்போவின் விடியற்காலையைப் பிடித்து அடுப்படியில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாரும் சிரிக்க முயற்சி செய்தார். முடியவில்லை, பாவம். அந்த மலையைப் பற்றி அவர் எத்தனை இரவு யோசித்தாரோ.

கம்பத்தை அவரே பிடுங்கி ஜீப்பில் ஏற்றினார். அன்றுவரை வேலை செய்ததற்குக் கூலியைக் கொடுத்துவிட்டு, “இனி விளங்காட்டில் விளங்கேல்லை எண்டு சொல்லும், பிள்ளை. வெக்கப்படாதேயும்,” என்றார். அதற்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் அவ்வளவு பொறுமையாக விளக்கவில்லை. உதவியாளர் வேலைக்கு என் பெயர் போகவில்லை. போகாது என்று சார் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அம்மா மாவு வாளியைக் கழுவினார்.

“பெரிய படிப்புப் படிச்சிட்டு வெடிச்ச ரப்பரத் தேடி அலையிறாங்க,” என்றார். பிறகு, “இனிமே என்னா, மாமாவுக்குச் சொல்லி வுட்டுருவோமா?” என்றார்.

தைப்பூசம் முடிந்த கையோடு கல்யாணம் நடந்தது.

பாகான் டத்தோவில் மலை இல்லை. காற்று கடலிலிருந்து நேராக வரும், தென்னை மட்டை நாள் முழுக்கப் பேசும், அதனுடன் போட்டி போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பேசுவார். அவருக்கு இந்தக் கதையை அம்மாதான் சொன்னார். அதோடு என் நிம்மதி போயிற்று. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்வார். தெலுக் இந்தான் மார்க்கெட்டில் தேங்காய் வியாபாரிகளிடம் சொல்வார். கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார். வருஷம் ஆக ஆகக் கதை வளர்ந்தது. புவான் மந்திரி ஆனார். ஒரு கட்டை ஒரு லாரி ரப்பர் ஆனது. நமசிவாயம் சார் வாளியில் உட்கார்ந்தவர், பிறகு வாளிக்குள்ளே உட்கார்ந்தார், கடைசியில் மயக்கம் போட்டு விழுந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே மாதிரிதான் முடிப்பார்.

“அன்னைக்கு மட்டும் அந்த ரப்பர் ஒழுங்கா வெடிச்சிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்லா.”

கூட்டம் சிரிக்கும். நான் குனிந்து இலையைப் பார்ப்பேன். பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். மூத்தவளுக்கு நிச்சயம் பண்ண வந்தவர்களிடமும் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சலித்து, சலிப்பும் சலித்துப்போய்விட்டது.

போன வருஷம் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம். வழக்கம்போல் பந்தியில் ஆரம்பித்தார். அன்று எனக்குக் கால்வலி, காலையிலிருந்து சாப்பிடவில்லை, சோறு வேறு வருவதாகக் காணோம். அவர் மந்திரியைக் கொண்டுவந்து, லாரியைக் கொண்டுவந்து, சாரை மயக்கம் போட வைத்து, “நான் தப்பிச்சிருப்பேன்லா” என்று காலரைத் தூக்கினார். யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது.

“நானுந்தான்,” என்றேன்.

சாம்பார் வாளியோடு வந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு எழுந்த சிரிப்பில் மேளக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் முழுசாகப் பேசாமல் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி அது.

இப்போது அவர் கதையைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார்கள்.